நம் தெருவை நாமே படமெடுப்போம்!



சினிமா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? முதல் நாள் முதல் ஷோ, கட்-அவுட், பாலாபிஷேகம்! நமது ஆண்டு விழா மேடையிலும் சினிமாப் பாட்டு டான்ஸ்தான். அதைக் குறை சொல்லவில்லை, விசில் அடித்தவர்களில் அடியேனும் ஒருவன். ஆனால் ஒரு கேள்வி. அந்தத் திரையில் நம்ம ஜனங்களை என்றைக்காவது பார்த்திருக்கிறோமா?

ஆம்பூர் என்றால் பிரியாணி. வேலூர் என்றால் கோட்டை, ஆஸ்பத்திரி. அதற்கு மேல் நம்மைப் பற்றி யாருக்கும் தெரியாது. டேனரியில் டிரம் ஓட்டுகிற அப்பாவும், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற அக்காவும் எந்தப் படத்திலும் வருவதில்லை.

வந்தாலும் எப்படி வருகிறார்கள்? நான் எட்டாவது படிக்கும்போது வெளியூரிலிருந்து கேமராவோடு சிலர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். என் அம்மாவை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். அம்மா பொத்தவில்லை. "இந்த வாடையிலதானேப்பா எங்க வீட்டு அடுப்பு எரியுது, இன்னாத்துக்கு மூக்கை மூடணும்?" என்று கேட்டார். அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாலாறு கெட்டது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லி, தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆற்றைக் கெடுத்ததும் இந்தத் தொழில்தான், என்னைப் படிக்க வைப்பதும் இந்தத் தொழில்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் நான். இந்த இரண்டு உண்மையையும் சேர்த்துச் சொல்ல உள்ளே இருப்பவனால்தான் முடியும்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைச் சேறு மூடி 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். செய்தியில் அவர்கள் 'பத்துப் பேர்' மட்டும்தான். அவர்கள் என்ன பாட்டுக் கேட்பார்கள், ஊருக்குப் போன் போட்டு என்ன பேசுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் இருந்த நாம்கூடப் பதிவு செய்யவில்லையே!

சிறிய ஊர்க்காரனால் என்ன முடியும் என்று கேட்கலாம். கடலோர நகரமான யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 2009-ல் முடிந்த யுத்தத்தின்போது உலகத்துக் கேமராக்கள் எல்லாம் அந்த மக்களைப் பிணமாகவும் அகதியாகவும்தான் காட்டின. அதே நகரத்தில் 2015-ல் ஒரு சர்வதேச திரைப்பட விழா தொடங்கியது. வெளிநாட்டுப் படங்கள் ஓடிய அந்த விழாவில், உள்நாட்டு இளைஞர்களின் குறும்படங்களுக்கும் இடம் கிடைத்தது. அதுவரை அடுத்தவன் எடுத்த படத்தில் அழுதவர்கள், தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள்.

நம்மைப் போலவே தொழிலாளர் ஊர் மகாராஷ்டிராவின் மாலேகான். அங்கே விசைத்தறி, இங்கே தோல். வீடியோ பார்லர் நடத்திய நாசிர் ஷேக் என்பவர் 2000-ல் 'மாலேகான் கே ஷோலே' என்று 'ஷோலே'யைக் கேலி செய்து உள்ளூர்க்காரர்களை வைத்தே ஒரு படம் எடுத்தார். சைக்கிள்தான் டிராலி, மாட்டு வண்டிதான் கிரேன்! அடுத்து சூப்பர்மேனாக நடித்தவர் ஷஃபீக் என்ற விசைத்தறித் தொழிலாளி. இந்தக் கூட்டத்தைப் பற்றி 2008-ல் ஃபைசா அகமது கான் ஆவணப்படம் எடுத்தார். பிறகு பம்பாய்க்காரர்களே இவர்கள் கதையைப் பெரிய படமாக்கி 2025-ல் வெளியிட்டார்கள். முதலில் கைதட்டியது மாலேகான் ஜனங்கள்தான் என்பதை மறக்கக் கூடாது.

நண்பர்களே, நானும் போனில் மூன்று நிமிஷப் படம் ஒன்று எடுத்தேன். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். கழுவுகிறார், கழுவிக்கொண்டே இருக்கிறார். நகக்கண்ணில் நீலம் போகவில்லை. அந்தக் கையாலேயே என் ஃபீஸ் பணத்தை எண்ணித் தருகிறார். அவ்வளவுதான் கதை. பின்னால் கம்பெனிச் சுவரும் சாக்கடையும் தெரிந்தன. போட்டுக் காட்டினேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. "நல்லாத்தான்டா இருக்குது. ஆனா அழிச்சிடு. உங்க அக்காவும் அங்கதானே வேலை செய்யறா" என்றார்.

அழித்துவிட்டேன். கோழை என்று திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் அன்று ஒன்று புரிந்தது. தனியாக ஒருவன் எடுத்தால் அது புகார். ஐம்பது பேர் சேர்ந்து எடுத்தால் அது ஊரின் கதை!

ஆகவே நமது மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் ஒரே ஒரு மாலைப் பொழுதைக் குறும்படங்களுக்கு ஒதுக்குங்கள். தியேட்டர் வேண்டாம். ஒர்க்ஷாப் சுவரில் வெள்ளை வேட்டி கட்டினால் போதும், புரொஜக்டர் நம் டிபார்ட்மென்டிலேயே இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு மிகாமல், அவரவர் தெருவில் எடுத்த படமாக இருக்கட்டும். படத்தில் வருகிறவர்களிடம் முதலில் போட்டுக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே திரையிட வேண்டும். பேரவையின் பெயரில் திரையிட்டால் எந்த வீட்டுக்கும் தனியாகப் பழி வராது.

அன்றைக்கு முன்வரிசை நாற்காலியில் வி.ஐ.பி.க்கள் வேண்டாம். எங்க அப்பாவும் உங்க அம்மாவும் உட்காரட்டும். திரையில் தங்கள் முகத்தைப் பார்க்கட்டும். மூக்கைப் பொத்தாமல் பார்க்கட்டும்.

அந்த மூன்று நிமிஷத்தை நான் மறுபடியும் எடுக்கத் தயார். நீங்கள் தயாரா?

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை