லயத்து மாட்டுக்குப் பூச்சி மருந்து

செடியிலிருந்து எடுத்த மருந்தால் வயிற்றுப் புழுவை விரட்டுவது மலையகத் தோட்டங்களுக்குப் புதிதல்ல. 1916இல் ராக்பெல்லர் மன்றத்தினர் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் தொழிலாளரிடையே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். அந்தப் புழுவுக்கு அன்று இருந்த முக்கிய மருந்துகள் இரண்டும் தாவரச் சத்துகளே: ஓமத்தில் உள்ள தைமோல், அமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து வடித்த கெனோபோடியம் எண்ணெய். புழு செத்து விழுந்தது உண்மை. எண்ணெயின் அளவு கொஞ்சம் கூடினால் நோயாளியே விழுந்ததும் உண்மை. உலகில் பலர் அதனால் இறந்திருக்கிறார்கள். மருந்து குடித்தவர்கள் கக்கூஸ் இல்லாத லயத்துக்கு வெறுங்காலோடு திரும்பினார்கள். புழுவும் திரும்பியது.

அப்படியிருந்தும், மாட்டின் புழுவுக்கு மூலிகை கொடுக்கலாமே என்ற பேச்சு இப்போது எழுவதில் நியாயம் இருக்கிறது. நுவரெலியா, அட்டன் பக்கம் லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டியிருக்கும் குடும்பத்துக்குப் பால் காசுதான் வேலை இல்லாத நாளின் கைச்செலவு. அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்தால் சில நாள் பால் ஊற்ற முடியாது. ஐவர்மெக்டின் ஊசி கறவை மாட்டுக்கு ஆகாது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழுவும் பழகிவிடும். ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும் ஹீமோங்கஸ் புழு இதில் உலகெங்கும் பேர்பெற்றது.

தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மூலிகைக் குறிப்பில் வேப்பிலை, தும்பை, பாகற்காய், வாழைத்தண்டு, பூண்டு, வெல்லம் எல்லாம் வருகின்றன. தஞ்சாவூர் வெயிலில் வளரும் வேம்புக்கு, 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் எங்கே போவது? டவுனில் வாங்கினால் மலிவு என்ற பேச்சு முடிந்துபோகும். பூண்டு வாடை பாலில் ஏறும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் மாட்டின் வயிற்றில் இருக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் புழு முட்டையைப் பொரிக்கவிடாத இலைச்சாறுகள் ஏராளம். வளர்ந்த பசுவின் முதல் இரைப்பையோ நூறு லீட்டருக்கு மேல் கொள்ளும். அதில் கலந்து, நுண்ணுயிர்களிடம் சிதைந்து, நான்காம் இரைப்பையில் இருக்கும் புழுவை எட்டும்போது ஒரு கைப்பிடி இலையில் என்ன மிஞ்சும்? 2015 நோபல் பரிசை ஐவர்மெக்டின் கண்டவர்களோடு பகிர்ந்துகொண்ட சீனாவின் தூ யூயூ, மலேரியாச் செடியைக் கொதிக்கவைத்துப் பலன் காணவில்லை. குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு பிரித்தபோதுதான் மருந்து கிடைத்தது. செடி ஒன்றுதான், எடுக்கும் விதம் வேறு. பக்கவிளைவே இல்லாத இயற்கை மருந்து என்று விற்பவர்களிடம் அளவு என்ன, எடுத்த முறை என்ன என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது தீவனமாகவே போடக்கூடிய துவர்ப்புத் தழை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் துவர்ப்புத் தரும் டானின் நிறைந்த லெஸ்பிடீசாச் செடியைத் தின்ற ஆடுகளின் புழுக்கையில் புழு முட்டை குறைந்தது பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். நம் மலையில் வளரும் கலியாண்ட்ராவிலும் அத்தகைய டானின் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் செரிமானம் கெடும். ஆகவே எவ்வளவு என்பதைப் பேராதனை மிருக வைத்திய பீடம் போன்ற இடங்கள் நம் மாடுகளிலேயே பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும் நடுவது எங்கே? மாடு தொழிலாளியுடையது, காணி கம்பெனியின் கையில். அன்று கக்கூஸ் கட்டும் செலவுக்குத் தோட்டத்துரைமார் முகம் சுளித்தார்கள். இன்று தழைக்கு ஒரு துண்டு நிலம் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை ஊகிக்கலாம்.

நிலம் கேட்காத வேலைகளும் உண்டு. புழுக்குஞ்சுகள் ஈரப் புல்லின் அடித்தண்டில்தான் அதிகம் இருக்கும். பனி காய்ந்த பிறகு, அடியை விட்டு அறுப்பது நல்லது. பட்டிக் கழுவுநீர் ஓடும் கானோரத்துப் புல்லைக் கன்றுக்குப் போடக் கூடாது. சாணியைக் குவித்து மக்கவிட்டால் அந்தச் சூட்டில் முட்டைகள் சாகும்.

2021இல் இரசாயன உரத்தை ஒரே வர்த்தமானியில் நிறுத்திவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கிய நாடு இது. பூச்சி மருந்திலும் அப்படி ஒரு இயற்கை மோகம் வேண்டாம். சாணியில் புழு முட்டை பார்த்து எந்த மாட்டுக்கு மருந்து தேவை என்று கண்டறிய ஒரு நுண்நோக்கியும் உப்புக்கரைசலும் பழகிய கையும் போதும். பாலின் கொழுப்பை அளந்து விலை போடும் கம்பெனிகள், அதே சேகரிப்பு நிலையத்தில் மாதம் ஒருமுறை சாணியையும் பார்த்துச் சொல்லட்டும். அந்தச் செலவைப் பால் விலையில் கழிக்காமல்.