மெலிய ஒரு சிகரெட்டா?

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துப் பெட்டிக்கடைகளிலும் சிகரெட்டைத் தனித்தனியாக வாங்கலாம். கயிற்றில் லைட்டர் தொங்கும். பெட்டி வாங்காத பையன் எச்சரிக்கைப் படத்தைப் பார்ப்பதே இல்லை.

புகைத்தால் உடம்பு மெலியும் என்ற பேச்சு பதின்வயதினரைக் கெடுக்கிறது. அதை வளர்த்தது வியாபாரம். இனிப்புக்குப் பதிலாக சிகரெட்டை எடுங்கள் என்று 1928இல் அமெரிக்கப் பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தது லக்கி ஸ்ட்ரைக்.

நிக்கொட்டின் பசியை மந்தப்படுத்துவது உண்மைதான். பெரும்பாலான இ-சிகரெட்டுகளிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அதிகம் புகைப்பவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, நீரிழிவு அபாயமும் கூடுகிறது. வளரும் மூளையோ விரைவில் அடிமையாகிவிடும்.

இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். கடைக்கார அண்ணன்மாரே, தயவுசெய்து வயதைக் கேளுங்கள்.