ஊர்த்தடமும் ஊமை ஒப்பந்தமும்

தடம் ஊருடையது. அதன்மேல் ஓடும் பேருந்து அரசினுடையதாக இருக்கலாம், தனியாருடையதாகவும் இருக்கலாம். ஓட்டுகின்றவன் யாராயினும் அவன் ஊருக்குக் கூலிவேலை செய்கின்றவனே அன்றித் தடத்துக்கு உடையவன் ஆகான். இவ்வெளிய உண்மையைச் சேலம், நாமக்கல் நிலப்பரப்பிலே மக்கள் மறந்துவிட்டனர் என்று கூறுவதைவிட, மறக்கும்படி செய்யப்பட்டுவிட்டனர் என்று கூறுவதே பொருந்தும். நிலத்துக்குரியவன் முறிச்சீட்டைப் படித்துப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொண்ட குத்தகைக்காரன் ஆண்டுக்கு ஒரு சாண் வரப்பை நகர்த்துவான். பேருந்துத் தடத்தில் நடந்து வருவதும் அதுவே.

முதற்கண் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டரசு பேருந்துத் தொழிலைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. 1972இல் சென்னை, மதுரை, கோவை, குடந்தை ஆகிய ஊர்களை நடுவாகக் கொண்டு போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. 1973இல் சேலத்திலே அண்ணா போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997இல் தலைவர்தம் பெயர்கள் நீக்கப்பட்டபின் அஃது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டமாயிற்று. ஆயினும், தனியார் பேருந்து அன்றும் அழிந்துவிடவில்லை. சிறு உடைமையாளர்தம் உரிமங்களுக்கு 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று காப்பளித்தது. அதனால் இன்றும் சேலத்திலிருந்து நாமக்கல், இராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு செல்லும் தடங்களிலும், சேலம் நகருக்குள்ளும், அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன.

தனியார் பேருந்து ஓடுவது குற்றமன்று. அஃது எந்தக் கட்டுக்குள் ஓடுகின்றது என்பதே வினா. கட்டு இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திகள் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தட உரிமம் வழங்கும்பொழுதே அதனோடு பிணைக்கத்தக்க கட்டுப்பாடுகளை வரிசையாக எடுத்துரைக்கின்றது. நாளொன்றுக்குக் குறைந்தது எத்தனை நடை ஓட்டுதல் வேண்டும் என்று வரையறுக்கலாம். ஒப்புதல் பெற்ற நேரத்தினின்று எவ்வளவு பிறழலாம் என்று எல்லை கட்டலாம். கட்டணப்பட்டியும் நேரப்பட்டியும் பேருந்தினுள்ளும் நிறுத்தங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுதல் வேண்டும் என்று ஆணையிடலாம். உரிமம் ஐந்தாண்டுக்கே உரியது. கட்டுப்பாட்டை மீறினால் அதனை நிறுத்திவைக்கவோ நீக்கவோ 86ஆம் பிரிவு இடந்தருகின்றது. கட்டணத்தை வரையறுப்பதும் அரசே.

ஆகவே, தட உரிமம் என்பது ஊருக்கும் ஓட்டுகின்றவனுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம்தான். ஆனால், அஃது ஊமை ஒப்பந்தம். நகரப் பேருந்துக்குக் காத்து நிற்கும் கொண்டலாம்பட்டி நெசவாளிக்கு, தாம் ஏறவேண்டிய பேருந்து எத்தனை மணிக்கு வருதல் வேண்டும் என்று உரிமத்தில் எழுதப்பட்டுள்ளதா, எழுதப்பட்டிருந்தால் அஃது எந்த நேரம் என்பது தெரியாது. இரவின் கடைசி நடை ஓடாவிடில், ஓடாதது உடைமையாளர் விருப்பமா, உரிமத்தின் மீறலா என்பதும் தெரியாது. தெரியாதவன் கேட்கமாட்டான், கேட்பாரில்லாத கட்டு அறுந்த கட்டே.

கட்டு அறுந்தால் என்னாகும் என்பதற்கு ஏட்டறிவு தேவையில்லை. தட உரிமம் பெற்றவனுக்குக் கிடைக்கும் வருவாய் முழுவதும் அன்றாடத் தண்டலே. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ‘பேட்டா’ எனப்படும் படிக்காசு அத்தண்டலைப் பார்த்து அளக்கப்படும்பொழுது, முன்னே செல்லும் பேருந்து நிறுத்தத்தில் ஆள் சேரும்வரை நகராது. பின்னே வரும் பேருந்து அதனை முந்தாமல் அமையாது. ஆள் நிறைந்த காலையிலும் மாலையிலும் மூன்று பேருந்துகள் ஒருங்கே வந்து நிற்கும். நண்பகலிலும் இரவிலும் ஒன்றும் வாராது. இதற்கு ஓட்டுநரை மட்டும் பழிப்பது அறியாமை. அவர் வயிற்றைத் தண்டலோடு கட்டிவைத்த முறையே பழிக்கத்தக்கது.

இம்முறையின் முடிவைத் தில்லி நகரம் உலகுக்குக் காட்டிற்று. அங்கு 1992இல் தனியார் பேருந்துகள் பெருவாரியாகச் சிவப்பு வண்ணத்தில் ஓடவிடப்பட்டன. நேர்ச்சிகளால் அவ்வண்ணத்துக்குக் கெட்ட பெயர் வந்தபொழுது, நீல வண்ணம் பூசப்பட்டது, முறை மாறவில்லை. 2007ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்நீலப் பேருந்துகளால் மாண்டோர் தொகை நூற்றைக் கடந்தது. பின்னர் அரசே அவற்றைப் படிப்படியாகத் தெருவினின்று அகற்ற நேர்ந்தது. வண்ணம் மாற்றுவது ஆட்சியன்று. வருவாய் முறையை மாற்றுவதே ஆட்சி.

சேலத்தில் இதனைப் பார்க்கவேண்டியவர் யார்? உரிமம் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர்; செயலர் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். ஆட்சியர்க்கு வெள்ளமும் தேர்தலும் குடிநீரும் போக எஞ்சிய நேரமே பேருந்துக்கு. சேலம் 1994இல் மாநகராட்சி ஆயிற்று. நாமக்கல் 2024இல் ஆயிற்று. இவ்விரு மாநகராட்சிகளுக்கும் பேருந்து நிலையம் கட்டவும், அதனுள் வரும் பேருந்துக்கு நுழைவுக் கட்டணம் தண்டவும் உரிமை உண்டு. எந்தப் பேருந்து எந்தத் தெருவில் எந்நேரம் ஓடுதல் வேண்டும் என்று கூற உரிமையில்லை. 2024இல் நாமக்கல்லின் புதிய பேருந்து நிலையம் முதலைப்பட்டியில் திறக்கப்பட்டது. நிலையத்தின் இடத்தை ஓர் அலுவலகம் முடிவு செய்கின்றது. நிலையத்துக்குச் செல்லும் நகரப் பேருந்தின் தடத்தை மற்றோர் அலுவலகம் முடிவு செய்கின்றது. இரண்டுக்கும் இடையே மூட்டையோடும் பிள்ளையோடும் நிற்பவள் தமிழ்ப்பெண்.

அவளுக்கு மற்றுமொரு வழக்கும் உண்டு. 2021 மே 8ஆம் நாள் முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அதனால் ஏற்படும் வருவாய்க் குறைவைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுசெய்கின்றது. நல்ல திட்டம், ஏழைப்பெண்ணின் கூலியில் ஒரு பங்கு அவள் மடியிலேயே தங்கிற்று. ஆனால், தனியார் நகரப் பேருந்து மட்டுமே வரும் நேரத்தில் அவள் காசு கொடுத்தல் வேண்டும். இல்லையேல் காத்து நிற்றல் வேண்டும். ஒரே ஊர், ஒரே தடம், ஒரே அரசு வரையறுத்த கட்டணம். ஆயினும் முன்னால் வந்த பேருந்தின் உடைமையாளர் யார் என்பதைப் பொறுத்து அவள் உரிமை மாறுகின்றது. தடம் ஊருடையது என்னும் கொள்கை சட்டத்தில் வேரூன்றியிருந்தால் இவ்வேறுபாடு எழுந்தேயிராது.

இப்பொழுது சென்னையில் மற்றொரு முறை புகுந்துள்ளது. 2025 சூன் 30ஆம் நாள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்தும் ஓட்டுநரும் பேணுகையும் அசோக் லேலண்டு குழுமத்தைச் சார்ந்த தனியார் நிறுமத்தின் பொறுப்பு. நடத்துநரும் பயணச்சீட்டுப் பணமும் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. ஓடிய தொலைவைக் கணக்கிட்டு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுமத்துக்குப் பணம் தருகின்றது. ஒப்பந்தக் காலம் 12 ஆண்டுகள். தலைநகரில் வேரூன்றியது மாவட்டத் தலைநகர்களுக்குப் பரவுவது இந்நாட்டின் வழக்கம் ஆதலால், சேலத்தார் இதனை இன்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு; அதனை மறைப்பது நேர்மையன்று. தண்டலுக்காக முந்தும் ஓட்டம் இதில் இல்லை. ஆள் ஏறினாலும் ஏறாவிடினும் நிறுமத்துக்குக் கிடைக்கும் பணம் ஒன்றே. ஆனால், அந்நன்மையே தீமையும் ஆகும். ஆள் ஏறினால் என்ன, ஏறாவிடின் என்ன என்று இருப்பவன், நிறுத்தத்தில் நில்லாமல் போனாலும் அவனுக்கு இழப்பில்லை. பழைய முறையில் ஆளைப் பிடிக்க ஓடினான். புதிய முறையில் கிலோமீட்டரைப் பிடிக்க ஓடுவான். இருவேறு நோய்க்கும் மருந்து ஒன்றே: நின்ற நிறுத்தம், ஓடாத நடை, பிந்திய நேரம், பழுதான கதவு ஒவ்வொன்றையும் எண்ணிக் கணக்கிட்டு, நன்று செய்தால் கூடுதல் பணமும் தீது செய்தால் தண்டமும் விதிக்கின்ற, வலிய கையுடைய மேற்பார்வை. அஃது இல்லாத இடத்தில் உரிமமும் ஒப்பந்தமும் வெறுந்தாளே.

மேற்பார்வை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்குத் தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2016இல் அந்நாடு பேருந்துப் பணியை ஒப்பந்த முறைக்கு மாற்றிற்று. பேருந்துகளும் பணிமனைகளும் அரசினுடையவை. பயணக்கட்டணம் அரசுக்குச் சேரும். தடத்தையும் நேரத்தையும் வகுப்பது அரசு. தனியார் நிறுமங்கள் போட்டியிட்டு ஓட்டும் பணியை மட்டும் ஏற்கின்றன. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கே, நன்கு செய்தவர்க்கு மேலும் இரண்டாண்டு நீட்டிப்பு. பயணியைக் கூடுதலாகக் காக்கவைத்தால் தண்டம், குறைத்தால் பரிசு. பேருந்து அரசினுடையது ஆதலால், நிறுமத்தை மாற்றினும் மறுநாள் காலையில் பேருந்து ஓடும். இங்கோ, பேருந்து உடைமையாளருடையதாகவும், காலம் நெடியதாகவும், கணக்கு மறைவாகவும் இருந்தால், ‘நிறுத்திவிடுவேன்’ என்னும் ஒரு சொல்லுக்கே ஊர் அஞ்சி நிற்கும்.

இவ்விடத்திலேதான் மொழி குறுக்கே வருகின்றது. இத்தகு பேருந்துத் திட்டத்தின் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. 1956ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாட்டில், தமிழன் ஏறும் பேருந்தின் கட்டுப்பாடுகளைத் தமிழன் படிக்கவியலாது. தமிழில் எழுதினால் நுட்பம் கெடும் என்பர் அலுவலர். குத்தகை, வாரம், ஒத்தி, ஈடு, அடைமானம், முறி, கெடு, தண்டம் என்று நிலத்தையும் பொருளையும் கட்டியாண்ட சொற்கள் இம்மொழியில் வழிவழி வழங்குகின்றன. நாமக்கல் நிலத்தில் சரக்குந்துகளையும் ஆழ்துளைப் பொறிகளையும் நாடெங்கும் ஓட்டுகின்ற எளிய மாந்தர் வாடகையும் கெடுவும் தமிழிலேயே பேசி முடிக்கின்றனர். அவர்க்கு விளங்கும் கணக்கு அலுவலர்க்குத் தமிழில் விளங்காது என்பது நகைப்புக்குரியது. நுட்பம் கெடும் என்பதன் உட்பொருள் மறைவு கெடும் என்பதே.

ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்னர், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்தரமேரூர் ஊரவையின் நெறிமுறைகள் கல்லிலே வெட்டப்பட்டன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றவர் என்று அக்கல் கூறுகின்றது. பொதுப்பணத்தைத் தொடுபவனுக்குரிய கட்டு, ஊரார் கண்முன் சுவரில் நின்றது. இற்றை நாளில் அஃது அலுவலகப் பேழைக்குள் ஆங்கிலத்தில் உறங்குகின்றது. முன்னேற்றம் என்பது இதுதானா?

அரசுப் பேருந்தே போதும், தனியாரே வேண்டா என்று கூறி அமைவாரும் உளர். அரசுக் கழகத்தின் பழைய பேருந்துகளில் மழைநாளில் ஏறியவர் அவ்வாறு எளிதில் கூறமாட்டார். தனியாரே போதும் என்பாரோ, ஆளில்லாத சிற்றூர்த் தடத்தில் தனியார் பேருந்தைத் தேடிப் பார்த்தல் வேண்டும். 25 கிலோமீட்டருக்கு மிகாத தடங்களில், பேருந்து எட்டாத ஊர்களை நோக்கி 2025இல் புதிய சிற்றுந்துத் திட்டம் தொடங்கப்பட்டதே, சந்தை தானாகச் சிற்றூரை நாடாது என்பதற்குச் சான்று. யார் ஓட்டுவது என்பது இரண்டாம் வினா. யாருக்குக் கணக்குக் காட்டுவது என்பதே முதல் வினா.

ஆகவே, சேலம், நாமக்கல் மக்கள் கேட்கவேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு தட உரிமத்தின் கட்டுப்பாடும், இனி வரும் ஒவ்வொரு பேருந்து ஒப்பந்தமும் தமிழில் எழுதப்பட்டு, தமிழ்ப்படியே சட்ட வலிமையுடையதாதல் வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அத்தடத்தின் நேரப்பட்டியும் கடைசி நடையின் நேரமும் எழுதிவைக்கப்படுதல் வேண்டும். ஓட்டுநர், நடத்துநர் கூலி தண்டலினின்று பிரிக்கப்பட்டு நிலையான சம்பளமாதல் வேண்டும். மாநகராட்சி உறுப்பினரும் தொழிலாளரும் பயணிகளும் அமரும் நகரப் போக்குவரத்து அவை ஒன்று, திங்கள்தோறும் ஓடாத நடைகளின் கணக்கைக் கேட்டு வெளியிடுதல் வேண்டும். எந்த ஒப்பந்தமும் குறுகிய காலத்ததாகி, நற்பணிக்கு மட்டும் நீட்டிக்கப்படுதல் வேண்டும். பெண்களின் கட்டணமில்லாப் பயணம், ஓடிய தொலைவுக்கு ஈடு கொடுத்தேனும், தனியார் நகரப் பேருந்துக்கும் விரிவுபடுத்தப்படுதல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றுகூட வானத்து மதியைக் கேட்பதன்று. பாதிக்குச் சட்டம் முன்பே இருக்கின்றது. மீதிக்கு ஓர் ஆணை போதும். இல்லாதது கேட்கும் குரலே. நெசவுத் தறியும் வெள்ளிப் பட்டறையும் முடிந்து இரவில் நிறுத்தத்தில் நிற்கின்ற உழைப்பாளி, ‘கடைசி நடை ஏன் வரவில்லை?’ என்று தாளைக் கையில் பிடித்துத் தமிழில் கேட்கும் நாளில், ஊமை ஒப்பந்தம் வாய் திறக்கும். அந்நாளில்தான் தடம் மீண்டும் ஊருடையதாகும்.

தமிழனே, முறிச்சீட்டைக் கேள்! படித்துப் பார்! கணக்கை வாங்கு!