ஏற்பாடுகளுக்குப் பின் எஞ்சும் அபாயம்

பயிருக்கு நேரக்கூடிய கெடுதிகளை முன்னறிந்து தக்க ஏற்பாடு செய்யும் குடியானவர்கள் இப்போது அநேகர். ஆனால் ஏற்பாடு முடிந்ததும் அபாயமும் முடிந்ததென்று எண்ணுவது சரியன்று. எந்த ஏற்பாடும் அபாயத்தைக் குறைக்குமேயன்றி அடியோடு ஒழிக்காது. எஞ்சி நிற்பது எவ்வளவு, அதைக் கவனிப்பவர் யார் என்று எழுதி வைத்த பின்னரே திட்டம் பூர்த்தியானதாகக் கொள்ளவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் சம்பா நடும் ஒரு மிராசுதாரை உதாரணமாகக் கொள்வோம். ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் மூழ்குமென்று அஞ்சி அவர் வடிகாலைத் தூர் வாருகிறார். வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லை நடுகிறார். பயிரைக் காப்பீடும் செய்கிறார். மூன்றும் நல்ல காரியங்களே. எனினும் மூன்றிலும் மிச்சம் உண்டு.

ஒரகடம் வரை தொழிற்சாலைகளும் சாலைகளும் பரவிவிட்ட இப்பிரதேசத்தில் மழைநீர் பூமியில் ஊறாமல் விரைந்தோடி வருவதால், பழைய அளவில் வெட்டிய வடிகால் போதாமற் போகலாம். சப்-1 குணமுள்ள நெல், இளம்பயிராய் இருக்கையில் சுமார் 2 வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். பூக்கும் தருணத்தில் மூழ்கினால் அக்குணம் காப்பாற்றாது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் ராபிப் பருவ உணவுப் பயிருக்குக் குடியானவர் செலுத்துவது காப்புத் தொகையில் நூற்றுக்கு 1.5 பங்கே. ஆனால் நெல்லின் விளைச்சல் நஷ்டம் அறிவிக்கப்பட்ட பகுதி முழுமைக்கும் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. ஒருவருடைய பள்ளக்கால் வயல் மட்டும் அழிந்தால் பணம் வராமற் போகலாம்.

சில ஏற்பாடுகளோ புதிய அபாயத்தையே உண்டாக்கும். ஒருவர் வரப்பை உயர்த்தினால் அண்டை வயலில் நீர் தேங்கும். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1-இல் விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அதுவும் மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாற்றங்கரைக் குடியிருப்புகளை மூழ்கடித்தன. மேலே கரையைக் காக்கும் வழி கீழே உள்ளோருக்கு அபாயமாகும் என்பதை எந்தக் கிராமமும் மறத்தலாகாது.

அப்படியானால் எஞ்சியதை முற்றும் ஒழிக்க மேலும் மேலும் செலவிட வேண்டுமோவெனில், வேண்டுவதில்லை. நஷ்டம் தாங்கத்தக்கதாயின் தாங்கத் துணிந்து, விழிப்புடன் இருத்தலே போதும். குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துமளவு பெரிதாயின் வேறு ஏற்பாடு தேடவேண்டும். எவ்வாறாயினும் மறு நடவுக்குக் குறுகிய கால நெல் விதையும், வேறு செலவுக்குத் தொடாத ஒரு தொகையும் கையிருப்பில் இருத்தல் அவசியம். கலங்கலில் நீர் எந்த மட்டம் ஏறினால் எந்த மடையை யார் திறப்பது என்பதை மழைக்கு முன்பே கிராமத்தார் கூடி முடிவு செய்யவேண்டும், கீழூராருக்கும் அறிவிக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் அடங்கலைக் காலத்தில் சரிபார்த்துத் தருவதும் இவ்வேற்பாட்டில் சேர்ந்ததே. அறுத்து வயலில் காயும் கதிர் புயலிலோ பருவந்தவறிய மழையிலோ கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்பதை அவர்கள் ஊரறியச் செய்வார்களாக. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் எஞ்சிய அபாயத்தின் ஜாபிதாவை மறுபடி பார்த்துத் திருத்தி வருவது நலம்.