'ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?' - ஆபீஸ் மீட்டிங்கின் உண்மையான விலை என்ன? கணக்கு போட்டுப் பார்த்த நிறுவனங்கள்

"ஒரு அஞ்சு நிமிஷம் கால்ல வர்றீங்களா?" ஆபீஸில் வேலை பார்க்கும் யாரும் இந்த மெசேஜிலிருந்து தப்பியிருக்க முடியாது. அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமாகும். 12 பேர் இருப்பாங்க, ரெண்டு பேர்தான் பேசுவாங்க. மற்றவர்கள் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு மெயிலுக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். கடைசியில், "சரி, இதை அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்று முடியும்.

இதற்கு எவ்வளவு செலவாகிறது? சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒருவருக்கு மாதச் சம்பளம் 60 ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். மாதம் 22 நாள், தினமும் 8 மணி நேரம் வேலை என்றால், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 340 ரூபாய். 12 பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 4 ஆயிரம் ரூபாய்க்கு மேல். வாரா வாரம் நடந்தால் வருஷத்துக்கு 2 லட்சத்தைத் தாண்டிவிடும். அதே ஆபீஸில் 4 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாற்காலி வாங்கணும்னா மேனேஜர், அட்மின், ஃபைனான்ஸ்னு மூணு இடத்தில் ஓகே வாங்கணும். மீட்டிங் போட யாரிடமும் கேட்க வேண்டாம். காலண்டரில் ஒரு க்ளிக் போதும்.

இந்த முரண்பாட்டை இன்டெல் நிறுவனத்தின் ஆண்டி குரோவ் 1983-லேயே தனது 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' புத்தகத்தில் எழுதிவிட்டார். 10 மேனேஜர்கள் 2 மணி நேரம் கூடினால் 2,000 டாலர் செலவு என்பது அவர் போட்ட கணக்கு. அந்தத் தொகைக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்க மேலிட அனுமதி வேண்டும், மீட்டிங்குக்கு மட்டும் வேண்டாமா என்பதுதான் அவரது கேள்வி.

ஷாப்பிஃபை என்ன செய்தது?

40 ஆண்டுகள் கழித்து இந்தக் கணக்கை ஊழியர்களின் கண் முன்னே கொண்டுவந்தது, கனடாவைச் சேர்ந்த ஷாப்பிஃபை நிறுவனம். 2023 ஜனவரியில், 2 பேருக்கு மேல் கலந்துகொள்ளும், திரும்பத் திரும்ப நடக்கும் மீட்டிங்குகள் அனைத்தையும் காலண்டரிலிருந்து ஒரேயடியாக நீக்கியது. புதன்கிழமை மீட்டிங்கே கிடையாது. நீக்கியதைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் 2 வாரம் பொறுக்க வேண்டும்.

இந்த 2 வாரம்தான் கெட்டிக்காரத்தனம். மீட்டிங் இல்லாமலேயே வேலை நடக்குதா, இல்லையான்னு அதற்குள் தெரிந்துவிடும் இல்லையா?

அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு படி போனார்கள். காலண்டரில் மீட்டிங் போடும்போதே அதன் உத்தேசச் செலவைக் காட்டும் கால்குலேட்டர் வந்தது. 3 பேர் அரை மணி நேரம் பேசினால் 700 முதல் 1,600 டாலர் வரை ஆகும் என்று அது காட்டியது. உயரதிகாரி ஒருவரைச் சேர்த்தால் 2,000 டாலரைத் தாண்டலாம்.

அப்போ எல்லா மீட்டிங்கும் வேஸ்ட்டா?

அப்படிச் சொல்ல முடியாது. எங்களுக்கே காலையில் டெஸ்க் மீட்டிங் உண்டு. எந்தச் செய்தியை யார் எடுப்பது என்று முடிவு செய்யாமல் எழுந்தால் ஒரே செய்தியை ரெண்டு பேர் அடித்துக்கொண்டிருப்போம். ஆனால் அது நீளாது. நீண்டால் புல்லட்டின் போயிடும்!

முடிவெடுக்கும் கூட்டத்தில் 6, 7 பேர் போதும், 8 பேரைத் தாண்டக் கூடாது என்றார் குரோவ். யாரைக் கூப்பிடுவது என்பதைவிட, யாரைக் கூப்பிடாமல் இருப்பது என்பதுதான் நம்ம ஊரில் கஷ்டம். "என்னை ஏன் கூப்பிடலை?" என்ற வருத்தம் வருமே என்று பயந்து டீம் முழுவதையும் சேர்த்துவிடுகிறோம். முடிவை அன்றைக்கே எல்லோருக்கும் நாலு வரியில் அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால், பாதிப் பேர் தாங்களாகவே வர மாட்டார்கள்.

அமேசான் வேறு வழியில் போனது. 2004-ல் ஜெஃப் பெசோஸ் தனது மூத்த நிர்வாகிகளின் கூட்டத்தில் பவர்பாயின்ட்டை நிறுத்தினார். பதிலுக்கு, அதிகபட்சம் 6 பக்கத்தில் விஷயத்தை எழுதிக் கொண்டுவர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து அதைப் படிப்பார்கள். வீட்டிலேயே படிச்சுட்டு வரலாமேன்னு தோணும். படிக்காமல் வந்து படித்த மாதிரி தலையாட்டுவார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 6 பக்கம் எழுதணும் என்றால், சும்மா மீட்டிங் போடுபவர் ஒரு தடவை யோசிப்பார். இங்கே செலவின் ஒரு பங்கு கூப்பிடுபவர் தலையிலும் விழுகிறது.

கால்குலேட்டரில் வராத செலவு

ஷாப்பிஃபை கால்குலேட்டர் சம்பளத்தை மட்டும்தான் எண்ணுகிறது. சென்னை ஓஎம்ஆரில் அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு செலவு வேறு மாதிரி வரும். கலிஃபோர்னியாவில் காலை 9 மணி என்றால், கோடையில் நமக்கு இரவு 9.30. குளிர்காலத்தில் 10.30. அங்கே இருப்பவருக்கு அது காபியோடு தொடங்கும் நாளின் முதல் மீட்டிங். இங்கே இருப்பவர் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஹெட்செட் மாட்டுகிறார், அல்லது கால் முடிந்த பிறகு கேப் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். "இந்த மீட்டிங்கில் எனக்கு வேலை இல்லை" என்று சொல்லும் தைரியம், சேர்ந்து ஆறு மாதமே ஆனவருக்கு எங்கிருந்து வரும்?

சில விஷயங்களுக்குப் பணமே தேவையில்லை. அதே கால் ஒரு வாரம் அவர்கள் காலையில், மறுவாரம் நம் காலையில் என்று மாற்றிப் போடலாம். வெறும் ஸ்டேட்டஸ் சொல்வதாக இருந்தால் அதை எழுதி அனுப்பலாம். இந்திய டீமுக்கான விஷயத்தை முதல் 10 நிமிஷத்திலேயே முடித்து அவர்களை விட்டுவிடலாம். இதையெல்லாம் செய்யக்கூடியவர் காலண்டரில் அழைப்பு அனுப்புபவர் மட்டும்தான்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். மறுநாளிலிருந்து 9.30 கால் சென்னையில் 10.30 கால் ஆகிவிடும். அழைப்பில் அப்போதும் 'காலை 9 மணி' என்றுதான் இருக்கும்.