பனியில் சிக்கும் லாரி ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பு கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
லாரி உரிமையாளர்கள் – ஓட்டுநர்கள் சங்கம்,
காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

நகல்: போக்குவரத்து ஆணையர், சென்னை, உள்ளுறை ஆணையர், தமிழ்நாடு இல்லம், புதுதில்லி, மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புதுதில்லி.

நாள்: 10.11.2025 (மக்கள் குறைதீர்க்கும் நாள்)

பொருள்: குளிர்காலத்தில் ஜம்மு – ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் பனிப்பொழிவில் சிக்கும் எங்கள் பகுதி சரக்கு லாரி ஓட்டுநர்களுக்குத் தமிழில் சாலைத் தகவல், பயிற்சி, பாதுகாப்புப் பொருள்கள், நிறுத்துமிட வசதி, காத்திருப்புக் கூலி ஆகியவை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

காங்கேயத்துக்காரர்கள் பனிப்பொழிவுக்காக மனுக் கொடுக்கிறார்கள் என்றால் படிப்பவர்களுக்குச் சட்டென்று விளங்காது. வானம் பார்த்த பூமி இது. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்துப் பிழைத்த ஊர். ஆனால் இந்த ஊரிலிருந்து கிளம்பும் லாரி 81-ஆம் எண் நெடுஞ்சாலையில் வெள்ளக்கோவிலைத் தாண்டி, கரூரில் 44-ஆம் எண் சாலையைப் பிடித்துவிட்டால், பிறகு ஸ்ரீநகர் வரைக்கும் அதே எண்தான். கன்னியாகுமரியில் தொடங்கும் அந்தச் சாலையின் நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு முனையில் நாங்கள் வெயிலில் நிற்கிறோம். மறுமுனையில் எங்கள் ஆட்கள் பனியில் நிற்கிறார்கள். போகும்போது திருப்பூரில் தைத்த பனியன், தெர்மல் உள்ளாடைப் பெட்டிகள். திரும்பும்போது ஆப்பிள். குளிர் தொடங்கும் மாதங்களில்தான் இரண்டுக்கும் கிராக்கி. ஆகவே, மற்றவர்கள் போகத் தயங்கும் பருவத்தில்தான் எங்கள் வண்டிகள் அங்கே போக வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு டிசம்பர் 27 அன்று காஷ்மீரில் கனத்த பனி விழுந்து நெடுஞ்சாலை மூடப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். காஸிகுண்ட் சுற்றுவட்டாரத்தில் ஏராளமான வண்டிகள் சிக்கி நின்றன. அவற்றில் ஒன்று எங்கள் உறுப்பினர் ஒருவருடையது. ஓட்டுநருக்கு ஐம்பது வயதுக்கு மேல். கூடப் போன கிளீனருக்கு அதுதான் முதல் வடக்குப் பயணம். இரண்டு இரவுகள் அங்கேயே நின்றார்கள். தார்ப்பாயின் மேல் முழ உயரத்துக்குப் பனி ஏறி, பாரத்தில் தார்ப்பாய் கிழியத் தொடங்கியிருக்கிறது. தள்ளிவிடலாம் என்று ஏறினால் கட்டியிருந்த கயிற்றை அசைக்க முடியவில்லை. “கவுத்த அவுக்க முடியலீங்கண்ணா, கம்பியாட்டம் நிக்குதுங்க” என்று அவர் எங்கள் செயலாளரிடம் போனில் சொன்னார். அதற்குப் பிறகு போன் உயிரோடு இல்லை; குளிரில் பேட்டரி இறங்கிவிட்டது. அவர்கள் போர்த்திக்கொள்ள வைத்திருந்தது சென்னிமலைப் போர்வை இரண்டு. காலில் ரப்பர் செருப்பு. முதுகுக்குப் பின்னால் ஒரு லோடு தெர்மல் உள்ளாடை, சரக்குக்காரர் பெயர் எழுதி, சீல் வைத்து. அதில் ஒன்றைக்கூட அவர்கள் பிரிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் தைத்த துணிதான் அது. ஆனாலும் அது அடுத்தவர் சரக்கு என்று இருந்துவிட்டார்கள்.

இருவரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் கிளீனரின் கால் விரல்கள் இரண்டு கறுத்துப்போய், மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. விறைத்த காலை நெருப்பில் காட்டக்கூடாது, தேய்க்கக்கூடாது, வெதுவெதுப்பான நீரில்தான் சூடேற்ற வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்களுக்கே அது பிறகுதான் தெரிந்தது.

பனி என்ற சொல்லே எங்களை ஏமாற்றுகிறது. எங்கள் பேச்சில் பனி என்பது மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பது. பாதை தெரியாமல் முன்னால் படர்ந்து கிடப்பது. “மேலே பனி, வண்டியை எடுக்காதே” என்று புக்கிங் ஆபீஸில் சொன்னால், மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு உருட்டிவிடலாம் என்றுதான் நம் ஓட்டுநர் நினைப்பார். காஷ்மீரிலோ டிசம்பர் 21 முதல் 40 நாட்களைச் சில்லாய் கலான் என்கிறார்கள், கடுங்குளிர்ப் பருவம். சென்ற ஆண்டு அது தொடங்கிய அன்று அதிகாலையில் ஸ்ரீநகரில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 8.5 டிகிரி. நம் கணக்கில் அது மார்கழி முதல் வாரம். பொங்கல் செலவுக்குக் காசு வேண்டுமே என்று ஓட்டுநர்கள் இன்னொரு நடை கூடுதலாகப் போகத் துடிக்கும் நேரம்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, தகவல். ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துக் காவல் துறை நெடுஞ்சாலையின் நிலவரத்தை, கனரக வண்டிகள் எந்தத் திசையில் விடப்படும் என்பதை, அறிவிப்பாக வெளியிடுகிறது. பனி நாட்களில் லாரிகளை உதம்பூர் பக்கத்திலும் காஸிகுண்ட் பக்கத்திலும் நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டுமே விடுவார்கள். அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு படித்த எங்கள் ஓட்டுநருக்கு அது போய்ச் சேருவதில்லை. பஞ்சாபைத் தாண்டுவதற்குள் தெரிந்தால் பதான்கோட்டிலேயே வண்டியை ஓரங்கட்டி, தாபாவில் சூடாகச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். தெரியாததால் மலைமேல் ஏறி மாட்டிக்கொள்கிறார். டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய, அந்த அறிவிப்பைத் தமிழில் சுருக்கி, நாளுக்கு இருமுறை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்ப ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பணியாளரை அமர்த்தித் தர வேண்டும். எழுத்தைவிடக் குரல்தான் வேண்டும். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அதுதான் உதவும்.

இதோடு சேர்த்து, ஒரு பத்து இலக்கத் தொலைபேசி எண். ஆபத்து நேரத்தில் 1077-ஐ அழையுங்கள் என்று மாவட்ட நிர்வாகம் சொல்கிறது; நன்றி. ஆனால் ஜம்மு – ஸ்ரீநகர் சாலையில் உள்ள ராம்பன் மலையில் நின்று 1077-ஐ அழுத்தினால் அது திருப்பூருக்கு வராது. இரவு இரண்டு மணிக்கு அங்கிருந்து அழைப்பவருக்குத் தமிழில் ஒரு குரல் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குரல் அங்குள்ள மாவட்ட நிர்வாகத்துடன் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேச வேண்டும். 2024 செப்டம்பரில் ஆதி கைலாஷ் யாத்திரை போய் உத்தராகண்ட் நிலச்சரிவில் சிக்கிய சிதம்பரம் பகுதி யாத்திரிகர்கள் 30 பேரை மீட்டுக் கொண்டுவர அரசு முனைந்து நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அங்கிருந்த தமிழகச் சுற்றுலாப் பயணிகள் ஊர் திரும்பவும் உதவியது. அந்தக் கை ஓட்டுநர் பக்கமும் நீள வேண்டும் என்றுதான் கேட்கிறோம். குளிர்கால மாதங்களுக்குத் தமிழ்நாடு இல்லத்தில் இதற்கென ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை பயிற்சி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உயிர் போகிற இடம் இது. குளிர் தாங்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேபினுக்குள் ஸ்டவ் பற்றவைப்பது லைன் வண்டிக்காரர்களின் பழக்கம். என்ஜினை ஓடவிட்டு அந்தச் சூட்டில் படுப்பதும் உண்டு. சுற்றிலும் பனி ஏறிப் புகைக்குழாய் மூடிக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் நிறையும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலவே இருக்கும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் பனிப்புயலில் நின்றுபோன கார்களுக்குள்ளேயே 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குளிரோடு இந்த வாயுவும் அங்கே காரணம். இந்த ஆண்டு ஜனவரியில் ஸ்ரீநகரில் வாடகை வீடு ஒன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், காங்கேயத்திலிருந்து போனவர் என்ன செய்வார்?

வண்டிக்கும் அங்கே வேறு பக்குவம் தேவை. நம் ஊரில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவோம். தண்ணீர் உறையும்போது பெருக்கும். ரேடியேட்டரையும் என்ஜின் பிளாக்கையும் பிளந்துவிடும். உறைதடுப்புக் கூலன்ட் ஊற்றியிருந்தால் இந்தச் சேதம் இல்லை. இங்கே பங்க்கில் நிரப்பிய டீசலும் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். லடாக் பகுதிக்கென்று பூஜ்ஜியத்துக்குக் கீழே 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. அப்படி ஒரு டீசல் இருப்பதே எங்கள் ஓட்டுநர்களில் பலருக்குத் தெரியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், சுகாதாரத் துறை, அனுபவமுள்ள மெக்கானிக் ஆகியோரைக் கொண்டு இம்மாத இறுதிக்குள் காங்கேயத்தில் ஒருநாள் பயிற்சி நடத்தித் தர வேண்டுகிறோம். இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

பயிற்சியோடு பொருளும் வேண்டும். டயருக்கு மாட்டும் சங்கிலி, கைமண்வெட்டி, கம்பளிக் காலுறை, உயரமான பூட்ஸ், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. இங்குள்ள உதிரிபாகக் கடைகளில் டயர் சங்கிலி கேட்டால் கிடைப்பதில்லை. வருடத்தில் இரண்டு நடைக்காக ஒவ்வொருவரும் வாங்குவதும் கட்டாது. அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தின் மூலம் இருபது தொகுப்புகள் தந்தால் போதும். போகிறவர் கையெழுத்துப் போட்டு எடுத்துச் சென்று, வந்ததும் திருப்பித் தர எங்கள் சங்கமே ஏற்பாடு செய்யும்.

மூன்றாவது, பனியகற்றும் முறை. அந்தச் சாலையில் வேலை செய்வோரின் பாட்டை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. எல்லைச் சாலைகள் அமைப்பின் பீக்கன் திட்டத்தார் 1960 முதல் அந்த மலைகளில் பாதை திறந்து வைக்கிறார்கள். நாஷ்ரி சுரங்கப்பாதை வந்திருக்கிறது; 2021-இல் திறந்த 8.5 கிலோமீட்டர் பனிஹால் – காஸிகுண்ட் சுரங்கப்பாதை வந்தபின் பழைய ஜவாஹர் சுரங்கத்துக்கு ஏறும் ஆபத்தும் குறைந்திருக்கிறது. எங்கள் குறை வேறு. டோசர் வரும்போது பனியை நடுச்சாலையிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஓரத்தில் நிற்பது எங்கள் லாரி. கார்களும் பேருந்துகளும் போன பிறகு எங்கள் சக்கரம் அச்சு வரை புதைந்து கிடக்கிறது. ராத்திரியில் அது கல்லாக இறுகிவிடும். அதைத் தோண்டி எடுப்பது ஓட்டுநரும் கிளீனரும், பெரும்பாலும் வெறுங்கையால். சாலையைத் திறக்கும்போதே லாரி நிறுத்தும் இடங்களையும் திறக்க வேண்டும். உதம்பூர், காஸிகுண்ட் பக்கங்களில் கழிப்பறை, வெந்நீர், மருத்துவ உதவி, மொபைல் சார்ஜ் வசதியுள்ள நிறுத்துமிடங்கள் வேண்டும். கனரக வண்டிகளை எப்போது விடுவார்கள் என்ற நேரத்தைப் பல மொழிகளில் எழுதி வைக்க வேண்டும். அதில் தமிழும் இருக்க வேண்டும். இவற்றைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் மத்திய அமைச்சகத்துக்கும் தங்கள் பரிந்துரையுடன் அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.

நான்காவது, கூலி. வண்டி நின்றால் வாடகை ஏறாது. ஆனால் மாத டியூ நிற்காது, ஓட்டுநரின் படிக்காசும் சாப்பாடும் நிற்காது. பனியால் சாலை மூடிய நாட்களுக்குக் காத்திருப்புக் கூலி தருவதற்கு எழுத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை. சரக்கு தாமதமானதற்கு வாடகையில் பிடித்தம் செய்தவர்களும் உண்டு. அதே ஓட்டுநர் அந்தச் சரக்கு நனையாமல் இரவெல்லாம் தார்ப்பாய் மேல் நின்றவர். தங்கள் முன்னிலையில் பனியன் உற்பத்தியாளர்கள், புக்கிங் ஆபீஸ்காரர்கள், லாரித் தரப்பு ஆகிய மூவரையும் உட்கார வைத்து, நாளொன்றுக்கு இவ்வளவு என்று முடிவு செய்து தர வேண்டும். தொகை எவ்வளவு என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்போம். பிடித்தம் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

கடைசியாக ஒன்று. காஷ்மீருக்கு இப்போது நேரடி ரயில் பாதை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அனந்த்நாக் சரக்கு நிலையத்துக்கு முதல் சரக்கு ரயில் சிமென்ட் ஏற்றிப் போனது. ஆகஸ்ட் கடைசியில் பெய்த மழையில் நெடுஞ்சாலை உடைந்து ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் நின்றபோது, பட்காமிலிருந்து தில்லிக்குப் பார்சல் ரயில் விட்டார்கள். சில்லாய் கலான் நாட்களிலாவது திருப்பூர்ச் சரக்கு ரயிலில் போக வழி உண்டா என்று ரயில்வேயிடம் கேட்டுத் தரவும். எங்கள் உறுப்பினர்களுக்கு நடை குறையும் என்பதை அறிந்தே கேட்கிறோம். இதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசியபோது எதிர்ப்பு இருந்தது. போன வருடம் கால் விரல் கறுத்துப்போன அந்தப் பையனின் அம்மா எழுந்து நின்ற பிறகு யாரும் பேசவில்லை.

எங்கள் வண்டிகள் இம்மாத இறுதியில் அடுத்த லோடு ஏற்றும். அதற்குள் குரல் செய்திக்கும் தொலைபேசி எண்ணுக்கும் மட்டுமாவது உத்தரவு பிறப்பிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம். மற்றவை பற்றித் தாங்கள் அழைக்கும் நாளில் அந்த ஓட்டுநரையும் கிளீனரையும் அழைத்துக்கொண்டு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
லாரி உரிமையாளர்கள் – ஓட்டுநர்கள் சங்கம்,
காங்கேயம்.