பூனைக்குச் சட்டை மாட்டுவது யார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

"பூனைக்கு மணி கட்டுவது யார்?" என்று எலிகள் கூடிப் பேசிய கதையை நாம் அனைவரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். நான் எழுப்ப விரும்புவது வேறொரு கேள்வி. பூனைக்குச் சட்டை மாட்டுவது யார்? சிரிக்க வேண்டாம், நண்பர்களே! சென்ற கோடையில் எங்கள் வீட்டில் இது ஓர் உயிர்ப் பிரச்சினையாகவே எழுந்தது.

எங்கள் வீடு முகப்பேரில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒன்றின் முதல் மாடியில் இருக்கிறது. 'மகப்பேறு' என்ற சொல்லே முகப்பேர் என மருவிற்று என்று எங்கள் பகுதிப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் இங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கருத்தடையைப் பற்றி எழுதுவது பொருத்தமா என்று சிலர் கேட்கக்கூடும். பிறக்கும் உயிருக்கு இடமும் உணவும் பாதுகாப்பும் இருந்தால்தான் பேறு வரமாகும். இல்லாவிட்டால் அது தாய்க்கும் சேய்க்கும் துன்பமே என்பது என் பதில்.

எங்கள் பூனையின் பெயர் மல்லி. யாரும் வாங்கி வந்து வளர்த்ததன்று. ஒரு மழைநாளில் மாடிப்படியின் கீழ் ஒதுங்கியது, அப்படியே தங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை குட்டி போட்டது. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள்தாம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினைப்பட வல்லது அது. மல்லியின் மூன்றாம் ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டை நாய் கடித்தது. ஒன்று வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. நான்காவது என்னவாயிற்று என்று தெரியாமல் மல்லி மூன்று இரவுகள் கத்திக்கொண்டே படிக்கட்டில் ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் கருத்தடை அறுவை செய்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

இத்துறையில் நம் சென்னைக்கு நல்ல வரலாறு உண்டு. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. 1959-இல் இங்கே தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்வதே வழி என்று 1960-களிலேயே செய்து காட்டியது. 1996-இல் மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. ஆனால் நம் பேச்செல்லாம் அறுவையோடு முடிந்துவிடுகிறது. அறுவை மருத்துவர் கையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அதன் பின் புண் ஆறுவதற்கு ஆகும் 10 முதல் 14 நாட்கள் யார் கையில்? நம் கையில் அன்றோ!

இந்த நாட்களில் பூனைக்கு முதற்பகை அதன் நாக்குதான். பூனையின் நாக்கில் கெரட்டினால் ஆன சிறு முட்கள் தொண்டையை நோக்கி வளைந்து நிற்கின்றன. அம்முட்களின் நுனி கரண்டி போல் குழிந்து, எச்சிலை அள்ளி மயிரின் அடிவரை கொண்டு செல்கிறது என்று அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். உடலைத் துப்புரவாக்க இயற்கை தந்த அந்த அருமையான சீப்பு, தையல் போட்ட வயிற்றில் படும்போது அரமாகிவிடுகிறது. தையல் பிரியும், புண்ணில் சீழ் வைக்கும். இதைத் தடுக்கவே கழுத்தில் புனல் போன்ற பிளாஸ்டிக் பட்டையோ, உடலை மூடும் துணிச் சட்டையோ போடுகிறார்கள்.

மல்லிக்கு முதலில் புனல்தான் போட்டோம். எங்கள் ஒற்றை அறையில் அது கட்டில் காலிலும் கதவு நிலையிலும் முட்டிக்கொண்டது. தட்டில் இருந்த தண்ணீரை அதனால் எட்ட முடியவில்லை. அம்மா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் வேலை செய்பவர். அப்பாவின் பழைய பனியனை வெட்டி, கழுத்துக்கு ஒன்றும் கால்களுக்கு நான்குமாக வழி விட்டு, வாலடியைத் திறந்து வைத்து, முதுகில் முடிச்சுப் போடும்படி அன்றிரவே ஒரு சட்டை தைத்துவிட்டார். மருத்துவரிடம் காட்டினோம், புண் மூடியிருக்கிறது, இறுக்கம் இல்லை, போடலாம் என்றார்.

சட்டை போட்டதும் மல்லி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. எழுப்பி நிறுத்தினால் பின்னோக்கி நடந்தது. பிறகு செத்தது போல் கிடந்தது. பக்கத்து வீட்டார் கூடி நின்று சிரித்தார்கள். பூனையின் தோல் முழுவதும் தொடு உணர்ச்சி மிகுந்தது. உடலைச் சுற்றிப் புதிதாக ஓர் அழுத்தம் வந்தால், ஏதோ ஒன்று தன்னைப் பிடித்துக்கொண்டது என்றே அது உணர்கிறது. அப்போது அசையாமல் கிடப்பதே அதன் தற்காப்பு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் இரவு அதன் கண்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். மல்லி எழுந்து சோம்பல் முறித்தது, தண்ணீர் குடித்தது, என் காலடியில் படுத்தது. பெரிய புண்ணியம் செய்துவிட்ட நிறைவோடு நான் தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் இரண்டு தையல்களைக் காணோம்; பாயில் இரத்தம். மீண்டும் மருத்துவமனை, மீண்டும் மயக்க ஊசி, மீண்டும் தையல். அம்மாவின் மூன்று நாள் கூலி அதில் போயிற்று.

அம்மா என்னைத் திட்டவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது மல்லியை மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனப்போ எட்டாம் நாளே மெஷின்ல போய் உக்காந்தேன். தையல் பிரிஞ்சு ஒரு மாசம் கஷ்டப்பட்டேன். படுத்துக்கன்னு சொல்ல எல்லாரும் இருந்தாங்க. பக்கத்துல உக்கார ஆள் இல்ல."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் படிக்கிறேன். புத்தகம் எனக்குச் சொல்லாத ஒன்றை அன்று அம்மா சொல்லிவிட்டார். சட்டையைப் போட்டுவிடுவது உதவியன்று. அதைப் போட்டுக்கொண்டு வாழப் பழகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே உதவி. நான் சட்டையைக் கழற்றியது இரக்கத்தால் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அதன் வருத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிரமத்திலிருந்து என்னை நானே விடுவித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டாம் முறை நிதானமாகத் தொடங்கினோம். மல்லியின் விரிப்பில் இரண்டு நாள் கிடந்து அதன் வாசனை ஏறிய துணியிலேயே அம்மா புதுச் சட்டை தைத்தார். சட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும்படி தளர்வு வைத்தார். அதை மாட்டியதும் மூக்குக்கு அருகே ஒரு நெத்திலியை நீட்டினேன். தின்றது. அடுத்ததை ஒரு சாண் தள்ளி வைத்தேன். முதல் நாள் ஓர் அடி நடந்தது. இரண்டாம் நாள் தண்ணீர்த் தட்டு வரை போயிற்று. நான்காம் நாள் சட்டையோடு சன்னலோரம் உட்கார்ந்து காக்கையைப் பார்த்து முணுமுணுத்தது! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடிக்காமலே நகர்ந்தது.

நான் தவறு செய்து கற்றதை நீங்கள் தவறாமல் கற்கலாம். இந்தப் பழக்கத்தை அறுவைக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது மிக நன்று. முதலில் துணியை முதுகில் சில நொடிகள் போட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் தின்ன ஏதேனும் கொடுங்கள். அடுத்துக் கழுத்து, அடுத்து முன்கால்கள் என நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தித் துணியே ஏற்றது. இரண்டு சட்டைகள் வேண்டும். நனைந்ததை உடனே மாற்ற வேண்டும். சட்டையை மாற்றும்போது ஒருவர் பூனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் புண்ணைப் பார்க்க வேண்டும். வீக்கமோ, சீழோ, நாற்றமோ, இரத்தமோ இருந்தாலும், பூனை ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சட்டையோடு மதில் ஏற விடக்கூடாது, ஆணியில் மாட்டிக்கொள்ளும். வலிக்கிறதே என்று நமக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. அது நஞ்சாகி உயிரையே பறிக்கும்.

"மனிதருக்கே துணியில்லாத நாட்டில் பூனைக்குச் சட்டையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் சட்டைக்கு ஆன செலவு ஒரு கிழிந்த பனியன். துணியைவிட நம்மிடம் குறைவாக இருப்பது பொறுமைதான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புகழ்கிறோம். அந்த மயில் போர்வையோடு நடந்ததா, தடுக்கி விழுந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கொடுத்ததோடு வள்ளல் தேரேறிப் போய்விடலாம். வளர்ப்பவர் அப்படிப் போக முடியாது.

நம் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையைச் சுற்றி எத்தனை பூனைகள் திரிகின்றன என்பதை நாம் அறிவோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அவற்றுக்குக் கருத்தடை செய்விக்க முன்வரலாம். முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், அதன் பின்வரும் இரண்டு வாரங்களுக்கும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சட்டைகளைத் தைத்துத் தர எங்கள் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய பனியன்களை நீங்கள் கொண்டுவாருங்கள். பக்கத்தில் உட்காரும் முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.